முள் எழுபதில் நின்ற ஊர்

பெயரில் மட்டும் குளத்தை வைத்துக்கொண்டிருந்த ஆவரங்குளத்தில், கரிசல் மண் வெடித்து ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் பிளந்து கிடந்த ஒரு சித்திரை மாதத்துக் காலையில், தங்கபுஷ்பம் தன் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள் தண்ணீர் தெளித்தாள்; எங்கள் ஊர் முழுவதும் ஈரமானது.

மேகம் வரவில்லை, இடி இல்லை, மண்ணில் ஒரு துளி விழவில்லை. தொட்டிக்குள் அவள் ஒட்டிவைத்திருந்த ஈரமானியில், காற்றின் ஈரத்தைக் காட்டும் முள் அறுபதிலிருந்து எழுபதுக்கு ஏறியது, ஊர்க் காற்றும் முப்பதிலிருந்து எழுபதுக்கு ஏறியது. தொட்டிக்குள் வெப்பம் இருபத்தாறு பாகை என்றால் பிள்ளையார் கோயில் முக்கில் இருபத்தாறு, ரேஷன் கடை வாசலில் இருபத்தாறு, சுடுகாட்டுப் பாதையில் இருபத்தாறு, ஊர் எல்லையில் நிற்கும் பெயர்ப்பலகையைத் தாண்டி ஓரடி வைத்தால் பழைய வெயில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர்கள் பலகைக்கு இந்தப் பக்கம் கால் வைத்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள்.

வேறு ஊராக இருந்தால் தேங்காய் உடைத்துக் கும்பிட்டிருப்பார்கள். நாங்கள் தீப்பெட்டிக்காரர்கள். மழை பெய்யாததுதான் எங்களுக்குச் சோறு. குச்சி காய வேண்டும், சட்டத்தில் அடுக்கிய குச்சியின் தலையில் முக்கியெடுத்த மருந்து காய வேண்டும், பெட்டி ஒட்டிய பசை காய வேண்டும், பெட்டியின் பக்கவாட்டில் தடவிய உரசுபொடி காய வேண்டும். காயக் காயத்தான் கூலி. அன்றைக்குக் காலையில் ரெட்டை முயல் தீப்பெட்டி ஆபீஸின் காய்ச்சல் கொட்டகையில் இருந்த சட்டங்களை எடுத்துப் பார்த்தபோது, ஆயிரமாயிரம் குச்சிகளும் மூக்குச் சளி ஒழுகும் குழந்தைகளைப்போல மருந்தை வழியவிட்டுக்கொண்டு நின்றன. சண்முகக்கனி ஒரு குச்சியை உருவி உரசினாள். அது சீறவில்லை, புகையவில்லை, கோலமாவுக் கட்டிபோல நசுங்கிப் பெட்டியில் அப்பிக்கொண்டது.

"எவளோ செய்வினை வச்சிருக்கா" என்றாள் சண்முகக்கனி. முப்பது வருஷமாக மருந்து முக்குகிறவள், நகமெல்லாம் நிரந்தரமாகச் சிவந்துபோனவள், அவள் சொன்னால் நாங்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை.

கண்டுபிடித்தது ஆபீஸ் முதலாளி பொன்னுலிங்கம் அண்ணாச்சி. அவருடைய கொட்டகையிலும் ஓர் ஈரமானி இருந்தது. அதைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காணாமல்போன ஆட்டைத் தேடுகிறவரைப்போல வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், கீழத்தெருவில் தங்கபுஷ்பத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே கண்ணாடித் தொட்டியில் இன்னொரு முள். இரண்டும் எழுபதில் நின்றன. மூடியைக் கொஞ்சம் திறக்கச் சொன்னார். திறந்தாள். இரண்டு முள்ளும் ஒன்றாக அறுபத்தெட்டுக்கு இறங்கின. அண்ணாச்சி வியக்கவில்லை. ஒரு திருடனின் வீட்டு விலாசத்தைத் தெரிந்துகொண்டவரைப்போலத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

தங்கபுஷ்பம் எங்களோடு தீப்பெட்டி வேலைக்கு வராத ஒரே கீழத்தெருக்காரி. பக்கத்து நகரத்துப் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக முப்பத்தோரு வருஷம் இருந்தாள். சாக்கில் வந்து இறங்கும் தவளைகளைக் குளோரோபாரத்தில் மயக்கி, மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நாலு காலுக்கும் குண்டூசி குத்தி, மாணவிகளுக்கு முன்னால் வரிசையாக வைப்பது அவள் வேலை. ஒரு வருஷம் அறுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு பிரிக்காமல் மூலையில் கிடந்த கடைசிச் சாக்கை ஓடையில் அவிழ்த்துவிடப் போனபோது, அதில் தவறுதலாக வந்து சேர்ந்திருந்த மரத்தவளை ஒன்று மட்டும் ஓடைக்குள் குதிக்காமல் அவள் புறங்கையில் ஒட்டிக்கொண்டது. அதைச் சாக்பீஸ் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், தெருவில் யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், எங்கள் பிள்ளைகளின் காதுகுத்துக்கு மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போகிறவள். அவளை நாங்கள் லேப்பக்கா என்று அழைத்ததில் மரியாதையைவிட எரிச்சல்தான் அதிகம்.

தொட்டியின் அடியில் கூழாங்கல், அதன்மேல் தேங்காய் நார்த்தூள், பாசி, சாய்த்துவைத்த ஒரு கொய்யாக் கிளை, அதைச் சுற்றி மணி பிளான்ட். மேலே பாதி வலை, பாதி கண்ணாடி. முழுக்க மூடினால் பூஞ்சை பிடிக்கும், முழுக்கத் திறந்தால் ஈரம் ஓடிப்போகும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், துணி தேய்க்கும்போது அடிக்கிற பிளாஸ்டிக் தெளிப்பானால் இலைகளின்மேல் பூமாதிரி அடிப்பாள், நேராகத் தவளைமேல் அடிக்கமாட்டாள். கோடையில் தொட்டியைச் சுற்றி நனைந்த கோணிச் சாக்கு. மார்கழியில் ஒரு குட்டி பல்பு. அறுபதுக்குக் கீழே போகக் கூடாது, எண்பதுக்கு மேலே நிற்கக் கூடாது, இருபத்தாறிலிருந்து அதிகம் நகரக் கூடாது. ஆறு வருஷமாக அவள் செய்துகொண்டிருந்த காரியம் இது, ஆறு வருஷமாக அது தொட்டிக்குள் மட்டும் நடந்தது, இப்போது வெளியிலும் நடந்தது. ஏன் என்று அவளையும் யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை.

ஊர் அதைத் தனக்குள் இழுத்துக்கொண்ட விதம்தான் சொல்லவேண்டியது. டீக்கடை மாடசாமி பலகையில் வடை விலைக்கு மேலே அன்றைய முள்ளை எழுதிப்போட்டான். உப்பு ஜாடியில் தண்ணீராக நின்றது, அப்பளம் சுருட்டினால் சுருண்டது, பூசாரியின் திருநீறு சந்தனம்போலக் கட்டியாகி நெற்றியில் பிசைந்து ஒட்டவேண்டியிருந்தது, கற்பூரம் மூன்று குச்சி தின்றுதான் பற்றியது, துவைத்த சேலை மூன்று நாள் கொடியில் தொங்கி நாய்க்குட்டி வாசனை பிடித்தது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் இருந்த தலைவர்களின் படங்களுக்குப் பச்சையாக மீசை முளைத்தது. பெண் பார்க்க வந்த புதூர்க்காரர்கள், வீட்டுக்குள் நத்தை ஊர்வதைக் கண்டு காப்பியைக் குடிக்காமல் எழுந்துபோனார்கள். எங்கள் கால் வெடிப்புகள் மூடிக்கொண்டன, குழந்தைகளின் வேர்க்குரு உதிர்ந்தது, மருந்துத் தூள் அடைத்து இழுத்துக்கொண்டிருந்த கிழவர்களின் நெஞ்சு இளகி ராத்திரியில் ஊர் அமைதியாகத் தூங்கியது. அதற்காகவும் அவளைத் திட்டினோம்.

முதலில் பால்காரனைச் சொல்லி நிறுத்தினோம். பிறகு அவள் நடந்துபோகும்போது பேச்சை நிறுத்தினோம். ஒருநாள் காலையில் சண்முகக்கனி ஒரு சட்டி சாணித் தண்ணீரைக் கொண்டுபோய் அவள் கதவில் ஊற்றினாள். தங்கபுஷ்பம் வெளியே வந்து கதவைப் பார்த்தாள், சண்முகக்கனியைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி கலந்திருக்கலாம். திட்டுத் திட்டா நிக்குது" என்றாள்.

"ஒந் தவளைய மருந்துச் சட்டிக்குள்ள முக்கி எடுக்கேனா இல்லையா பாரு!"

"முக்குறதுக்கு ஒனக்குக் கை வரும். காய வைக்கத்தான் ஆளு வேணும்" என்று சொல்லிவிட்டு லேப்பக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

வைகாசி பிறந்ததும் ஆபீஸ் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். அண்ணாச்சி நாற்காலியில், ஆண்கள் கீழே, நாங்கள் சட்டங்களுக்குப் பின்னால், தங்கபுஷ்பம் நடுவில் நின்றுகொண்டு.

"நாப்பது வையி தாயி" என்றார் அண்ணாச்சி, கோபத்தைத் துண்டுபோல மடித்து மடியில் வைத்துக்கொண்டு. "நாங்க ஒண்ணும் பாலைவனம் கேக்கல. நாப்பது. நீயும் பொழைச்சுக்கோ, நாங்களும் பொழைச்சுக்கிடுதோம்."

"நாப்பதுல அதுக்குத் தோலு ஒட்டிக்கிடும்."

"எங்களுக்கு வயிறு ஒட்டிப்போயி ஒரு மாசமாச்சு!" என்று பின்னாலிருந்து கத்தினாள் சண்முகக்கனி.

"ஒரு தவளைக்கு ஒரு ஊராக்கும்?" என்றான் மாடசாமி.

"ஊருதான் எம் பொட்டிக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு இருக்கு. நான் யாரையும் கூப்பிடல."

"தூக்கிக்கிட்டு வேற எங்கிட்டாவது போயிரு."

"என் வீடு. நான் எதுக்குப் போகணும்?"

பொட்டியை உடைத்துவிடலாம் என்று ஒருவன் சொன்னான். அப்போது அண்ணாச்சியே கை உயர்த்தி நிறுத்தினார், ஏனென்றால் அவர் அதையும் யோசித்துவைத்திருந்தார். உடைத்த பிறகு ஊர்க் காற்று பழையபடி ஆகிவிடுமா, அல்லது கடைசியாக நின்ற இடத்திலேயே முள் நிலைத்துவிடுமா? எழுபதில் நிற்கும்போது தவளை செத்து, எங்கள் பேரன் பேத்தி காலம்வரைக்கும் எழுபதாகவே நின்றுவிட்டால்? யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் தவளையைக் கொல்லவும் முடியவில்லை, வாழவிடவும் மனமில்லை.

"அது சாகவேண்டாம்" என்றார் அண்ணாச்சி கடைசியில். "சாகுற மாதிரி இருந்தாப் போதும்."

தங்கபுஷ்பம் அவர் பக்கம் திரும்பினாள். "நான் முப்பத்தோரு வருஷமாக் கொன்னவ அண்ணாச்சி. சாகுற மாதிரி இருக்குறதுக்கும் சாகுறதுக்கும் நடுவுல எம்புட்டு எடம் இருக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க நினைக்குற அளவுக்கு இல்ல."

மறுநாளிலிருந்து நாங்கள் ஊரைக் காய வைக்க ஆரம்பித்தோம். பொட்டி நனைந்தால் ஊர் நனைகிறது என்றால் ஊர் காய்ந்தால் பொட்டி காயத்தானே வேண்டும்? காய வைப்பது எங்களுக்குப் பிறவியிலேயே தெரிந்த வேலை. கொட்டகையின் பெரிய ஊதுகாற்றாடிகளைத் தெருமுனைகளில் நிறுத்தினோம், கரி அடுப்புகளை வரிசையாக மூட்டினோம், தங்கபுஷ்பத்தின் ஜன்னல்களுக்குக் கீழே ஈரம் குடிக்கிற சுட்ட சுண்ணாம்புக்கல் மூட்டைகளை வாய் அவிழ்த்து அடுக்கினோம். நாங்கள் பகலெல்லாம் ஊதினோம், அவள் உள்ளே தெளித்தாள். நாங்கள் ஐம்பதுக்கு இறக்கினால் அவள் அறுபதுக்கு ஏற்றினாள். முள் நடுவில் கிடந்து துடித்தது. பிறகு அண்ணாச்சி கீழத்தெருவுக்கு வரும் குழாயின் வால்வை மூடச் சொன்னார்.

அவள் வீட்டுக்கென்று தனி வால்வு கிடையாது. ஒரு வீட்டை உலர்த்த ஒரு தெருவையே மூடவேண்டியிருந்தது. அந்தத் தெரு முழுவதும் அவருடைய ஆபீஸில் குச்சி அடுக்குகிற, மருந்து முக்குகிற, பெட்டி ஒட்டுகிற பெண்கள். ஆனாலும் மூடலாம் என்று முதலில் கை தூக்கியவர்கள் நாங்கள்தான். இரண்டு கிலோமீட்டர் நடந்து புதூர்க் குழாயில் தண்ணீர் பிடித்து இடுப்பில் சுமந்து வந்தோம், அவள் வீட்டைக் கடக்கும்போது வேண்டுமென்றே தளும்பத் தளும்ப நடந்தோம், ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை.

ஒன்பது நாள் அவளிடம் இருந்த தண்ணீர் வந்தது. பத்தாம் நாள் தெளிக்கும் சத்தம் நின்றது.

முள் ஐம்பதுக்கு வந்தது, நாற்பதுக்கு வந்தது. அன்று ஆபீஸில் சங்கு ஊதினார்கள். முப்பத்தைந்தில் நாங்கள் செய்த தீப்பெட்டிகளைப்போல அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்யப்போவதில்லை. குச்சிகள் கலகலவென்று சிரித்தன, ஒரே உரசலில் மல்லிகை மொட்டுப்போலச் சுடர் திறந்தது. இரவு பகலாக வேலை செய்து குடோனை உத்தரம்வரை நிரப்பினோம். அடுப்பை அணைத்தோம், காற்றாடிகளை நிறுத்தினோம், சுண்ணாம்பு மூட்டைகளைக் கட்டினோம்.

முள் நிற்கவில்லை.

நனைக்கத் தண்ணீர் இல்லாத பொட்டி ஊரை உலர்த்தியது, காய்ந்த ஊர் பொட்டியை உலர்த்தியது. சண்டை போட்ட இரண்டு பேர் ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் இன்னும் கடுகடுவென்று ஆவதைப்போல, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கீழே போயின. இருபத்திரண்டு. பதினாறு. பதினொன்று. உதடு வெடித்தது, குழந்தைகளின் மூக்கில் ரத்தம் வந்தது, கதவு நிலைகள் சுருங்கித் தாழ்ப்பாள்கள் தானாகக் கழன்று விழுந்தன, கறந்த பால் வீடு வந்து சேர்வதற்குள் ஆடைமட்டும் மிஞ்சியது. முள் பதினொன்றில் நின்ற அன்று மாடசாமியின் தாயார் செத்துப்போனாள். நாங்கள் கூடி அழுதோம், ஒருத்தி கன்னத்திலும் கண்ணீர் பாதி வழிக்கு மேல் இறங்கவில்லை. சேலையை உதறினால் பொறி பறந்தது. ஒன்பதுக்கு வந்தபோது, பெட்டிக்கடையில் தொங்கவிட்டிருந்த தீப்பெட்டிப் பண்டல் ஒன்று காற்றில் ஆடியதற்கே பற்றிக்கொண்டது.

அதன் பிறகு யாரும் வேகமாக நடக்கவில்லை. குடோன் சரக்கைப் பெயர்ப்பலகைக்கு அந்தப் பக்கம் தூக்கிப்போகலாம் என்றார்கள். அசைத்தால் பற்றும் என்றார் அண்ணாச்சி. வால்வைத் திறந்தார்கள், மேல்நிலைத் தொட்டி என்றைக்கோ வற்றிப்போயிருந்தது, குழாயிலிருந்து துருவும் காற்றும் வந்தன. எங்கள் வீட்டுக்குள்ளேயும் பரணில், கட்டிலுக்கடியில், சாமி படத்துக்குக் கீழே, அடைத்து முடிக்காத பெட்டிகள் கோபுரம் கோபுரமாக இருந்தன. கீழத்தெரு ஓலைக்கூரைகளின்கீழ் நாங்கள் எங்கள் கூலியோடு படுத்திருந்தோம், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு.

அப்போதுதான் இருபது வீட்டுப் பெண்கள் புதூருக்குப் போய் இருபது குடம் தண்ணீர் கொண்டுவந்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவற்றைத் தங்கபுஷ்பத்தின் வாசலில் இறக்கினோம். யார் பேசுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சண்முகக்கனிதான் பேசினாள்.

"யக்கா. தண்ணி வந்திருக்கு. அடியுங்க."

ஜன்னல் திறந்தது. தங்கபுஷ்பத்தின் முகம் பழைய தோல் செருப்பைப்போல வரி வரியாகக் கிடந்தது; குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் அவள் தொட்டிக்குள்தான் அடித்திருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் தொட்டி. கண்ணாடியில் தவளை நாலு காலையும் அடிவயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, சுண்ணாம்பு பூசிய பாக்குபோல வெளுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி ஒரு குடத்தில் விரலை நனைத்து முகர்ந்து பார்த்தாள்.

"பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கு."

"புதூர்த் தொட்டிய நேத்துத்தான் கழுவுனாகளாம்."

"அப்போ ஆகாது. ஒரு நாள் தொறந்து கெடக்கட்டும். வாடை போகணும்."

"ஒரு நாளா?" என்று கூச்சல் கிளம்பியது. "ஒரு நாளைக்குள்ள ஊரே வெந்துரும்! அடிங்கக்கா, சும்மா அடிங்க!"

"அது வாயால குடிக்காது. வயித்துத் தோலால குடிக்கும்" என்றாள் தங்கபுஷ்பம். அவள் குரலில் கெஞ்சல் இல்லை, பழிவாங்கும் குதூகலமும் இல்லை, ஆய்வுக்கூடத்தில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளின் அலுப்பு மட்டும் இருந்தது. "இதை அடிச்சா தோலு வெந்து நாளைக்குச் செத்துரும். செத்தா முள்ளு எங்க நிக்கும்னு ஒங்க அண்ணாச்சிகிட்டயே கேட்டுக்கோங்க. இப்ப ஒம்பதுல நிக்கு. ஒம்பது ஒங்களுக்குச் சம்மதமா?"

ஜன்னல் சாத்திக்கொண்டது.

இருபது குடங்களையும் வாய் திறந்து வைத்துவிட்டு நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். அந்த ராத்திரி விளக்கு ஏற்றாமல் போனது, மறுநாள் அடுப்பு மூட்டாமல் விடிந்தது. தலை வாரக் கூடாது, செருப்பு தேய்க்கக் கூடாது, பாயை இழுக்கக் கூடாது. குடத்தில் ஒவ்வொரு மணிக்கும் அரை விரற்கடைத் தண்ணீர் கண்ணெதிரே ஆவியாகிக்கொண்டிருந்தது. மூடினால் வாடை போகாது, திறந்தால் தண்ணீர் போகும். ஆறு வருஷமாக அவள் அந்தப் பாதி வலைக்கும் பாதி கண்ணாடிக்கும் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எங்களுக்கு மெல்லப் புரிந்தது. புரிந்ததால் அவள்மேல் இரக்கம் வந்தது என்று சொல்லமாட்டேன். வெறுப்புத்தான் இன்னும் கொஞ்சம் விவரமானதாக ஆனது.

பகல் பன்னிரண்டரைக்கு, பொறுமை தாங்காமல் சரக்கைப் பார்க்கப் போன பொன்னுலிங்கம் அண்ணாச்சி குடோனுக்குள் ஒரு மரப்பெட்டியை ஓரமாகத் தள்ளினார்.

புருவமும் முன்மயிரும் கருகி அவர் வெளியே ஓடிவந்த பிறகுதான் சத்தம் வந்தது. வீடுகளைவிட்டு விலகி, ஆனால் பெயர்ப்பலகைக்கு இந்தப் பக்கமே, கரிசல் காட்டுக்கு நடுவில் சட்டப்படி தள்ளிக் கட்டியிருந்த குடோன். நாங்கள் அடுக்கி, முக்கி, அடைத்த லட்சம் லட்சம் குச்சிகளும் ஒரே மூச்சில் தலை நிமிர்ந்து, கூரை ஓடுகளைப் புறாக்கூட்டம்போல மேலே எறிந்தன. காற்று வடக்கே அடித்துக்கொண்டிருந்தது. கீழத்தெரு குடோனுக்குத் தெற்கே இருந்தது. ஆண்கள் தெருவுக்குள் ஓடிவந்து கண்ணில் பட்ட குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்தொன்பது குடமும் போயிற்று. பத்தொன்பது தரம் ஸ் என்றது, ஒவ்வொரு தரமும் அந்தத் தீ தும்மிவிட்டு இன்னும் உயரமாக எழுந்தது.

இருபதாவது குடம் சண்முகக்கனியினுடையது. அவள் அதை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தங்கபுஷ்பத்தின் வாசற்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணாச்சி வந்தார். முதலில் ஜன்னலைத் தட்டினார்.

"ஏளா! அந்தத் தண்ணிய எடுத்து உள்ள அடி! ஊரு பூரா நனையட்டும், தீ அமரட்டும்!"

"மணி ஒண்ணு ஆகுது" என்றது உள்ளேயிருந்து குரல். "அஞ்சு மணிக்கு அடிப்பேன்."

"எல்லாம் போச்சுளா! எல்லாம் போச்சு!"

"அஞ்சு மணிக்கு."

அவர் குனிந்து குடத்தின் கழுத்தைப் பிடித்தார். சண்முகக்கனி விடவில்லை. முப்பது வருஷத்தில் அவரை நேருக்கு நேர் பார்த்து அவள் பேசியதை நாங்கள் கேட்டதில்லை.

"கைய எடுங்க அண்ணாச்சி."

"கொடத்த விடு கழுத! குடோன் எரியுது, கண்ணு தெரியலையா?"

"எரியுறது ஒங்க குடோன். கொடம் என்னோடது."

"எங் குடோன்ல இருந்தது ஒங்க வேலைதானடி!"

"ஆமா. அதுதான் எரிஞ்சு முடிஞ்சிருச்சே. இனிமே எரியப்போறது எங்க கூரை. அதுக்கு ஒரு கொடந்தான் மிச்சமிருக்கு, அதையும் நீங்க கொண்டுபோயி அந்தத் தீயில எச்சித் துப்புன மாதிரி ஊத்திட்டு வருவீக. ஒங்களுக்குக் காய வைக்கத் தெரியும் அண்ணாச்சி. எனக்கும் அதுதான் தெரியும். நனைக்கத் தெரிஞ்சவ ஒருத்திதான் உள்ள இருக்கா, அவ அஞ்சு மணிங்கா. நாசமாப்போற அந்த அஞ்சு மணி வரட்டும்."

அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் எழுந்து அவர் பக்கம் வருவோம் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நாங்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு ஒரு முழம் முன்னால் நகர்ந்து, குடத்தைச் சுற்றி இன்னும் நெருக்கமாக உட்கார்ந்தோம். அவ்வளவுதான் செய்தோம்.

மூன்று மணிக்குக் குடோனின் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. மூன்றரைக்குக் காற்று மாற, பறந்து வந்த ஒரு காகிதக் கரி எங்கள் தலைக்கு மேலே சிவப்பாகச் சுற்றிச் சுற்றி, எந்தக் கூரையில் உட்காரலாம் என்று பார்த்துக்கொண்டேயிருந்து, பிறகு அணைந்து ஒருத்தியின் மடியில் விழுந்தது. குடத்தில் தண்ணீர் பாதிக்கு வந்துவிட்டது. சண்முகக்கனி அடிக்கடி குனிந்து முகர்ந்தாள். நாலே முக்காலுக்கு அவள் சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"வாடை இல்ல!"

"அஞ்சு ஆகட்டும்."

"சண்டாளி" என்றாள் சண்முகக்கனி, ஆனால் குடத்தை இன்னொரு கையால் வெயில் படாமல் மறைத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்குக் கதவு ஒரு குடத்தின் அகலத்துக்கு மட்டும் திறந்தது. இரண்டு கைகள் வந்து குடத்தை வாங்கிக்கொண்டன. கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு புஸ், புஸ் என்று தெளிப்பானின் சத்தம்; நிறுத்தி, நிதானித்து, இலைக்கு இலை, அவசரமே இல்லாமல். எங்கள் மேலுதட்டில்தான் முதலில் தெரிந்தது. பிறகு கண்ணிமையில். வெடித்த விரல் நுனிகளில் எரிந்தது. சேலைகளின் முடமுடப்பு இறங்கியது, ஓலைக்கூரை ஒரு பெருமூச்சுப்போலத் தொய்ந்தது, வீட்டுக்குள் கோபுரமாக நின்ற பெட்டிகளின் பசை இளகி ஒட்டுத்தாள்கள் ஒவ்வொன்றாக உரிவது வாசலுக்குக் கேட்டது. எங்கள் ஒரு மாத வேலை அது. உரியட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

முள் எங்கே நிற்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஜன்னல் திறந்தது. தங்கபுஷ்பத்தின் முகத்தில் ஈரம் இருந்தது, தெளிப்பானின் ஈரம்தான்.

"உசுரு இருக்கா?" என்று கேட்டாள் சண்முகக்கனி.

"பின்னங்கால நீட்டிருக்கு."

"செத்துத் தொலைஞ்சிருச்சான்னுதான் கேட்டேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் தங்கபுஷ்பம். கதவுப் பக்கம் போய் வெறுங்குடத்தை வெளியே வைத்தாள். "இன்னைக்குப் பிடிச்சு வச்சாத்தான் நாளைக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டாள்.

சண்முகக்கனி குடத்தைப் பார்த்தாள். எழுந்து புழுதியைத் தட்டினாள். அது தூசியாகப் பறக்காமல் சேலையில் ஒட்டிக்கொண்டது. தங்கபுஷ்பத்தின் பாட்டனைத் திட்டினாள், அவளைப் படிக்க வைத்தவர்களைத் திட்டினாள், அவள் கல்லூரியை, அவள் தவளையை, தவளையின் ஏழு தலைமுறையைத் திட்டினாள். திட்டிக்கொண்டே குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பெயர்ப்பலகையைத் தாண்டி, புதூர் வெயிலுக்குள் நடந்தாள். அந்த வசவு ஓயும் தூரம்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாங்களும் எங்கள் குடங்களைத் தேடிக் குடோன் பக்கம் போனோம்.